திரையில் ஒரு மல்யுத்தப் பிடி உருவாகும் விதம்

சென்ற ஆண்டு ஒரு மதிய உணவு இடைவேளை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வகுப்புத் தோழனைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் கீழே போட்டுவிட்டான். சண்டை எதுவும் இல்லை. இருவரும் நெருங்கிய நண்பர்கள். விழுந்தவன் கையை ஊன்றியதால் மணிக்கட்டு வீங்கிவிட்டது. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் இரு வீட்டுப் பெற்றோரும் பள்ளிக்கு வந்தார்கள்.

"ஏன்டா இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். அவன் அழுதுகொண்டே சொன்ன பதில் இது: "கேம்ல போட்டா உடனே எந்திரிச்சிடுவான் டீச்சர். இவனும் எந்திரிப்பான்னு நெனச்சேன்."

எத்தனையோ முறை கேட்ட பதில்தான் என்று விட்டிருப்பேன். ஆனால் அவன் பையைச் சோதித்தபோது கிடைத்த நாற்பது பக்க நோட்டு என்னை நிறுத்தியது. பக்கத்துக்குப் பக்கம் குச்சி மனிதர்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஓர் எண். "இதெல்லாம் என்ன?" என்றேன். "நானே செஞ்ச மூவ் டீச்சர்" என்றான். மாமா வீட்டில் இருந்த பழைய விளையாட்டுக் கருவியில், ஆயத்தமாக உள்ள பிடிகளோடு நில்லாமல், தானே புதிய பிடிகளை அமைத்து வந்திருக்கிறான். கணக்குத் தேர்வில் நாற்பதைத் தாண்டாத மாணவன், நோட்டில் நேரத்தையும் கோணத்தையும் வரிசையாகக் குறித்து வைத்திருந்தான்.

நான் கணக்கு ஆசிரியை. வீடியோ விளையாட்டு எனக்குப் பழக்கமில்லாத உலகம். இருந்தாலும் அந்த நோட்டைப் புரிந்துகொள்ள அடுத்த சில வாரங்கள் செலவிட்டேன். அதில் தெரிந்துகொண்டதையும், அதை வகுப்பறைப் பாடமாக்கிய விதத்தையும் இங்கே பகிர்கிறேன்.

அசைவு என்பது நிலைகளின் வரிசை

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுமா? இந்தக் கேள்விக்கு 1878-ல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் விடை காட்டினார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பல கேமராக்களை வரிசையாக வைத்து, குதிரை ஓட ஓட அடுத்தடுத்துப் படம் எடுத்தார். கால்கள் நான்கும் தரையில் படாத கணம் ஒரு படத்தில் பதிவாகியிருந்தது. பின்னர் 1887-ல் மனிதர், விலங்குகளின் அசைவுகளை 781 தகடுகளாக வெளியிட்டார். மல்யுத்த வீரர்களின் படங்களும் அவற்றில் உண்டு. அசைவைப் பல நிலைகளாகப் பிரித்துப் பார்க்கும் முயற்சியின் தொடக்கத்திலேயே மல்யுத்தம் இடம்பெற்றுவிட்டது.

அசைவூட்டம் இதற்கு எதிர்த்திசையில் நடக்கும் வேலை. தனித்தனி நிலைகளை வேகமாக அடுத்தடுத்துக் காட்டினால் நம் மனம் அவற்றை ஒரே அசைவாக இணைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நிலையையும் ஒரு சட்டகம் என்போம். திரைப்படத்தில் வழக்கமாக நொடிக்கு 24 சட்டகங்கள். வீடியோ விளையாட்டுகளில் பெரும்பாலும் 30 அல்லது 60.

நொடிக்கு 60 என்றால் இரண்டு நொடி நீளும் ஒரு பிடிக்கு 120 சட்டகங்கள் தேவை. அத்தனையையும் ஒருவர் கையால் அமைக்க வேண்டியதில்லை. முக்கியமான ஏழெட்டு நிலைகளை மட்டும் அமைத்து, எந்த நிலை எந்தச் சட்டகத்தில் வர வேண்டும் என்று குறித்தால் போதும். இவை முதன்மைச் சட்டகங்கள். இடைப்பட்ட நிலைகளைக் கணினி கணக்கிட்டு நிரப்பிவிடும். மாணவனின் நோட்டில் படங்களுக்குக் கீழே இருந்தவை இந்தச் சட்டக எண்களே.

விளையாட்டுகளில் இதற்கான வழிகள்

மல்யுத்த விளையாட்டுகளில் பிடிகள் பொதுவாக மூன்று வழிகளில் உருவாகின்றன.

முதலாவது, மோஷன் கேப்சர் எனப்படும் அசைவுப் பதிவு. பயிற்சி பெற்ற வீரர்கள் குறிப்பான்கள் பொருத்திய உடையணிந்து பிடியை நிகழ்த்துவார்கள். சுற்றியுள்ள கேமராக்கள் அந்தக் குறிப்பான்களின் இடத்தைப் பதிவு செய்யும். அந்த அசைவு கணினியில் உள்ள எலும்புக்கூடு போன்ற உருவத்துக்கு மாற்றப்படும். பெரிய நிறுவனங்களின் வழி இது.

இரண்டாவது, ஆயத்தத் துண்டுகளைக் கோப்பது. 2008-ல் வெளியான 'டபிள்யூ.டபிள்யூ.இ. ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா 2009' விளையாட்டில் 'கிரியேட் எ ஃபினிஷர்' என்ற பகுதி இருந்தது. பிடிப்பது, தூக்குவது, சுழற்றுவது, போடுவது எனத் தனித்தனித் துண்டுகளை விளையாடுபவர் தேர்ந்து வரிசையாகக் கோக்கலாம். வேகத்தையும் மாற்றலாம். சொற்களைக் கோத்து வாக்கியம் அமைப்பதைப் போன்றது இது. ஒரு துண்டு முடியும் நிலையும் அடுத்த துண்டு தொடங்கும் நிலையும் பொருந்த வேண்டும். "தூக்கினான்" என்பதற்குப் பின் "போட்டான்" வரலாம். எதிராளி தரையில் கிடக்கும்போது "தோளிலிருந்து போட்டான்" வர முடியாது.

மூன்றாவது, சட்டகம் சட்டகமாக அமைப்பது. ஜப்பானில் 1989-ல் தொடங்கிய 'ஃபயர் புரோ ரெஸ்லிங்' வரிசை இருபரிமாணப் படங்களால் ஆனது. 2017-ல் வெளிவந்த அதன் 'வேர்ல்டு' பதிப்பில், பயன்படுத்துவோரே பிடியைச் சட்டகம் சட்டகமாக அமைக்கும் வசதி பின்னர் சேர்க்கப்பட்டது. எந்த நிலை, எவ்வளவு நேரம், எந்தத் திசை என்று ஒவ்வொன்றையும் குறிக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை.

ஒரு பிடியைப் பிரித்துப் பார்ப்போம்

எதிராளியைத் தூக்கி முதுகு படக் கீழே போடும் எளிய பிடி 'பாடி ஸ்லாம்'. இரண்டு நொடிக்கான, அதாவது 120 சட்டகங்களுக்கான திட்டம் ஒன்றை மாணவனும் நானும் சேர்ந்து எழுதினோம்:

சட்டகம் 0: இருவரும் எதிரெதிரே நிற்றல்.
சட்டகம் 20: தூக்குபவன் முழங்காலை மடக்கிக் குனிந்து பிடித்தல்.
சட்டகம் 32: எதிராளியின் கால்கள் தரையை விட்டு எழுதல்.
சட்டகம் 60: எதிராளி தோள் உயரத்தில் கிடையாக இருத்தல்.
சட்டகம் 72: அதே உயரத்தில் சிறு நிறுத்தம் முடிதல்.
சட்டகம் 102: முதுகு தரையைத் தொடுதல்.
சட்டகம் 120: உடல் சற்றே எழும்பி அடங்குதல்.

இதில் சட்டகம் 20-ல் உள்ள குனிதல் எதற்கு? அதை நீக்கி ஓட்டிப் பார்த்தோம். எதிராளி காற்றடைத்த பலூன்போல மேலே போனான். எடையே தெரியவில்லை. எந்த உயிருள்ள அசைவுக்கும் முன்னால் ஓர் ஆயத்த அசைவு உண்டு. குதிப்பவன் முதலில் குனிகிறான். எறிபவன் முதலில் கையைப் பின்னே இழுக்கிறான். டிஸ்னி நிறுவனத்தின் அசைவூட்டக் கலைஞர்களான ஃபிராங்க் தாமஸும் ஓலி ஜான்ஸ்டனும் 1981-ல் வெளியிட்ட நூலில் தொகுத்த 12 கொள்கைகளில் இந்த முன்னாயத்தமும் ஒன்று.

அடுத்து, சட்டகம் 60-ல் தூக்குபவனின் உடலைப் பாருங்கள். எதிராளியின் எடை முன்னே இருப்பதால் அவன் சற்றுப் பின்னால் சாய்ந்தாக வேண்டும். இருவரின் கூட்டு ஈர்ப்பு மையம் அவன் பாதங்களுக்கு நேர் மேலே இருந்தால்தான் அவன் நிற்பான். நிமிர்ந்து நிற்கும்படி வரைந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ தவறு என்று உடனே தெரிந்துவிடும். காரணம் சொல்லத் தெரியாத குழந்தைக்கும் அது தெரியும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தவர் மறுபக்கம் சாய்வதை நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே!

விழுதலில் ஒளிந்திருக்கும் ஒற்றை எண்கள்

72-ஆம் சட்டகத்திலிருந்து 102 வரை 30 சட்டகங்கள். அதாவது அரை நொடி. இந்த எண் எங்கிருந்து வந்தது? மாணவன் கண்ணளவில் வைத்திருந்தான். நாங்கள் கணக்கிட்டுச் சரிபார்த்தோம். தடையின்றி விழும் பொருள் கடக்கும் தொலைவு ½gt². அரை நொடியில் ½ × 9.8 × 0.25 = 1.225 மீட்டர். ஏறக்குறைய ஒன்பதாம் வகுப்பு மாணவனின் தோள் உயரம். உண்மையான பிடியில் தூக்குபவன் கை கொடுத்தே இறக்குவான் என்பதால் இது தோராயம்தான். ஆனாலும் அவன் கண்ணளவு எவ்வளவு துல்லியம் என்று வகுப்பே வியந்தது.

இப்போது ஒவ்வொரு 0.1 நொடிக்கும் உடல் எங்கே இருக்கும் என்று பார்ப்போம். தொடக்கத்திலிருந்து விழுந்த தொலைவு முறையே 4.9, 19.6, 44.1, 78.4, 122.5 செ.மீ. அடுத்தடுத்த இடைவெளிகள் 4.9, 14.7, 24.5, 34.3, 44.1. இவற்றை 4.9 ஆல் வகுத்தால் 1, 3, 5, 7, 9 என ஒற்றை எண்கள் வரிசையாக வருகின்றன. கலிலியோ கண்ட விதி இது. கூட்டுத்தொடர் வரிசை நடத்தும்போது இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

கணினி இடைநிலைகளைச் சம இடைவெளியில் நிரப்பினால் உடல் விழுவதுபோல் இராது. கயிறு கட்டிக் கிணற்றில் இறக்குவதுபோல் இருக்கும். தொடக்கத்தில் நெருக்கமாகவும் முடிவில் அகலமாகவும் இடைவெளி இருந்தால்தான் அது விழுதல்.

இருவர் அசைவு, ஓர் அமைப்பாளர்

குத்துச்சண்டை விளையாட்டில் ஒருவரின் கையசைவை மட்டும் அமைத்து, பட்டவரின் எதிர்வினையைத் தனியே சேர்க்கலாம். மல்யுத்தப் பிடியில் அது முடியாது. இருவர் உடலும் இரண்டு நொடியும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். பிடியை அமைப்பவர் இரண்டு உருவங்களுக்கும் எல்லா முதன்மைச் சட்டகங்களையும் அமைத்தாக வேண்டும். இரண்டும் ஒரே நொடியில், ஒரே பொது இடத்திலிருந்து தொடங்க வேண்டும். சில சட்டகங்கள் பிசகினாலும் பிடித்த கை காற்றைப் பிடித்திருக்கும். அல்லது கை உடலுக்குள் புகுந்துவிடும்.

அந்த நோட்டை மீண்டும் புரட்டினேன். தூக்குபவனின் ஒவ்வொரு நிலையும் விரல்வரை வரையப்பட்டிருந்தது. விழுபவன் வெறும் ஒற்றைக் கோடு! தலை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை.

"இவன் தலை எங்கடா இருக்கு?" என்று கேட்டேன். யோசித்தான். "கை எங்க போகும்? கழுத்து எப்படித் திரும்பும்?" பதில் இல்லை. "அதையும் வரைஞ்சு கொண்டு வா. தனியா இல்ல, அவனோட சேர்ந்து" என்றேன். மாவுக்கட்டுக் கையோடு நண்பனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

உண்மையான தொழில்முறை மல்யுத்தத்தில் விழுவதற்கென்றே தனிப் பயிற்சி உண்டு. விழுபவர் முகவாயை நெஞ்சோடு ஒட்டி, பின்தலை தரையில் மோதாமல் காப்பார். மேல்முதுகு முழுவதும் பரவலாகத் தரையில் படுமாறு விழுவார். கைகளை ஊன்றாமல் பக்கவாட்டில் விரித்துத் தரையில் அறைவார். மேடையும் வெறும் தரை இல்லை. இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன் மேல் மெத்தை, அதன் மேல் கித்தான். பெரும்பாலான பிடிகளில் தூக்கப்படுபவரும் தாமாகக் குதித்து உதவுகிறார். இத்தனையும் இருந்தும் அவர்களுக்குக் காயம் ஏற்படுவதுண்டு.

இதையும் கணக்கிட்டோம். அரை நொடி விழுந்த உடலின் வேகம் 9.8 × 0.5 = 4.9 மீ/நொடி, அதாவது மணிக்குச் சுமார் 17.6 கி.மீ. மிதிவண்டியை நன்றாக மிதித்துச் சென்று சுவரில் மோதுவதற்கு ஒப்பானது. 122.5 செ.மீ. விழுந்து பெற்ற இந்த வேகம், மெத்தையில் 10 செ.மீ. அமுங்கி நின்றால் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 12 மடங்கு. நம் விளையாட்டுத் திடலின் இறுகிய மண்ணில் 2 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் சுமார் 61 மடங்கு. கரும்பலகையில் இந்த எண்ணை எழுதியபோது வகுப்பில் சத்தமே இல்லை. தூக்கிய மாணவன் நண்பனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்பறையில் செய்யும் விதம்

இதை நான்கு பாடவேளைகளில் செய்யலாம்.

முதல் பாடவேளை: அட்டை மனிதர்கள். பழைய அட்டையில் தலை, உடல், மேற்கை, முன்கை, தொடை, முழங்கால் கீழ்ப்பகுதி ஆகியவற்றை வெட்டி, மூட்டுகளில் நூல் முடிச்சிட்டு இணைக்க வேண்டும். குழுவுக்கு இரண்டு உருவங்கள். எந்த மூட்டு எத்தனை பாகை வரை மடங்கும் என்பதைத் தங்கள் உடலிலேயே பார்த்து, கோணமானியால் அளந்து எழுதட்டும். முழங்கை பின்பக்கம் மடங்காது என்பது இங்கேயே பதிந்துவிடும்.

இரண்டாம் பாடவேளை: நிலைத் திட்டம். ஏழு முதன்மை நிலைகளில் அட்டை உருவங்களை வைத்து ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுக்கலாம். கைப்பேசி இல்லையெனில் கட்டம் போட்ட தாளில் வரையலாம். இரண்டு உருவங்களுக்கும் எல்லா நிலைகளும் இருந்தால்தான் அடுத்த கட்டம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாம் பாடவேளை: அசைவு. கணினி ஆய்வகத்தில் 'ஸ்கிராட்ச்' மென்பொருள் போதும். அதைக் கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இன்றியும் இயங்கும். ஒவ்வொரு நிலையும் ஓர் உடை, அதாவது 'காஸ்ட்யூம்'. மேடையின் அகலம் x அச்சில் -240 முதல் 240 வரை, உயரம் y அச்சில் -180 முதல் 180 வரை. விழுபவன் y = 120-ல் தொடங்கி -125-ல் தரையைத் தொடுவதாகக் கொள்வோம். 1 செ.மீ.க்கு 2 அலகு. ஒவ்வொரு 0.1 நொடிக்கும் அவனை 110, 81, 32, -37, -125 ஆகிய இடங்களுக்கு நகர்த்த வேண்டும். பிறகு இதையே 'கிளைட்' கட்டளையால், சம வேகத்தில், செய்து பார்க்கட்டும். அப்போது இடங்கள் 71, 22, -27, -76, -125. இரண்டையும் ஓட்டிப் பார்த்து எது இயல்பு, ஏன் என்று விவாதிக்கட்டும். இரு உருவங்களும் ஒரே நேரத்தில் தொடங்க 'பிராட்காஸ்ட்' கட்டளை உதவும்.

நான்காம் பாடவேளை: விளக்கம். ஒவ்வொரு குழுவும் தன் படைப்பை விழுபவன் பார்வையில் விவரிக்க வேண்டும். "72-ஆம் சட்டகத்தில் என் தலை எங்கே இருக்கிறது, என் கை என்ன செய்கிறது" என்று தன்மையில் பேச வேண்டும். மொழிப்பாட ஆசிரியரும் இதில் சேர்ந்துகொள்ளலாம்.

கணினி இல்லாத தொடக்கப் பள்ளிகளில் குறிப்பேட்டின் ஓரத்தில் 24 படங்கள் வரைந்து விரலால் புரட்டலாம். மல்யுத்தம்தான் வேண்டும் என்பதில்லை. பந்து துள்ளுவது, கபடியில் ஒருவரைப் பலர் பிடிப்பது, கிணற்றில் வாளி இறக்குவது என எதுவும் பொருந்தும்.

சில எச்சரிக்கைகள்

பிடிகளை மாணவர்கள் உடலால் செய்து காட்ட எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. அட்டை உருவங்கள் அதற்காகத்தான். அண்மை ஆண்டுகளின் டபிள்யூ.டபிள்யூ.இ. 2கே விளையாட்டுகளுக்கு அமெரிக்கத் தரவரிசை அமைப்பு 'டீன்', அதாவது 13 வயதும் அதற்கு மேலும், என்ற தரம் அளித்துள்ளது. ஐரோப்பிய அமைப்பின் தரம் 16. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லலாம். விளையாட்டை வாங்கவோ பார்க்கவோ நாம் தூண்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே பார்க்கிறவர்களிடம் அது எப்படி உருவாகிறது என்று பேசினால் போதும்.

விபத்துக்குப் பிறகு எங்கள் பள்ளியில் இடைவேளை மேற்பார்வைக்கு முறை வைத்தோம். அது தேவைதான். "இனி கேம் பேச்சே இருக்கக் கூடாது" என்ற ஆலோசனையும் எழுந்தது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நோட்டைக் கிழித்துப் போட்டிருந்தால் பேச்சு நின்றிருக்காது. என் காதுக்கு வராமல் போயிருக்கும், அவ்வளவே.

அந்த இரு மாணவர்களும் சேர்ந்து செய்த ஸ்கிராட்ச் படைப்பு ஒரு மாதத்தில் முடிந்தது. கட்டுப் பிரித்த கையோடு நண்பன்தான் கணினியை இயக்கினான். விழுபவனின் முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கைகள் விரிந்திருந்தன. தரையில் மெத்தை இருந்தது. வகுப்பில் விளக்கிவிட்டு இருக்கைக்குத் திரும்பும்போது தூக்கிய மாணவன் என்னிடம் சொன்னான்: "தூக்கறவனுக்கு ஏழு படம் போதும் டீச்சர். விழறவனுக்குப் பதினொண்ணு வரைஞ்சோம். அவனுக்குத்தான் வேலை அதிகம்."

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு நோட்டு யாரோ ஒருவர் பையில் இருக்கலாம். பறிமுதல் செய்வதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.